சேரி நின்ற மண் யாருடையது? செங்கல்பட்டு பஞ்சமி நிலம்: ஒரு நிகழ்வு ஆய்வு

மேசைமேல் மூன்று தாள்கள். முதலாவது பழைய 'அ' பதிவேட்டின், அதாவது கிராம நிலக் கணக்கின், நகல். ஓரம் செல்லரித்திருந்தது. புல எண், விஸ்தீரணம், தீர்வை, அதற்கு நேரே ஒரு பெயர். கடைசியில் குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்று இரண்டே எழுத்து. இரண்டாவது, 1980-களில் நிலக் கணக்கைப் புதுப்பித்தபோது எழுதிய யு.டி.ஆர். பதிவேட்டின் நகல். அதே நிலம், புது எண், வேறு பெயர், குறிப்புக் கலம் காலி. மூன்றாவது கணினிச் சிட்டா. அதில் இருந்தது இன்னொரு பெயர்.

மதுராந்தகம் பக்கத்து ஊர். நில ஆவணம் பார்க்கத் துணைக்குப் போயிருந்தேன். மனு கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர், படிக்கத் தெரியாதவர்.

"எங்க தாத்தா பேரு கீதான்னு பாரு தம்பி."

"பழசுல இருக்குங்க ஐயா."

"புதுசுல?"

"இல்லீங்க."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நெலம் எங்கயும் போவல. அங்கயேதான் கீது. பேருதான் பூடுச்சி" என்றார்.

'டி.சி.' என்றால் 'டிப்ரெஸ்டு கிளாஸ்'. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் என்று பொருள். மக்கள் வாயில் பஞ்சமி நிலம். அந்த இரண்டெழுத்து ஏட்டில் ஏறிய கதையும் இறங்கிய கதையும் 1980-களோடு முடிவதில்லை. நூல் பிடித்துப் போனால் 1892, அதற்கும் பின்னால் 1843, அதற்கும் பின்னால், ஆளை அடிமையாக எழுதிக் கொடுக்கும் ஆளோலை. ஒவ்வொரு கட்டத்திலும் நான் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: வயலில் உழைத்த ஆள் குடிசை போட்டிருந்த மண் அன்றைக்கு யாருடையது?

ஓலையும் மிராசும்

அடிமைமுறை என்றதும் நமக்கு அட்லாண்டிக் கப்பலும் பருத்திக்காடும் ஞாபகம் வருகின்றன. நம் ஊர் அடிமைமுறைக்குக் கப்பல் தேவைப்படவில்லை. பெரிய புராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குக் கிழவேதியராக வரும் சிவன், பாட்டன் எழுதித் தந்த ஆளோலை என்று ஒன்றை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளியே வருகிறது. பாட்டனின் கையெழுத்தை ஒத்துப் பார்த்த அவை, பேரன் அடிமைதான் என்று தீர்த்துவிடுகிறது. பக்திக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் அதைக் கேட்டவர்களுக்கு ஆளோலை, வழிவழி அடிமை, மூலம், படி எதற்கும் உரை தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு பிராமணன் இன்னொரு பிராமணனுக்கு அடிமை என்பதுதான் அவர்களுக்கு விநோதமாகப் பட்டது. அடிமை என்பது படவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் பஞ்சத்தில் தம்மையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது தொண்டைமண்டலத்தில் ஊர் நிலம் மிராசுதாரர்கள் கையில் பங்கு பங்காக இருந்தது. பெரும்பாலும் வேளாளர், சில ஊர்களில் பிராமணர். நன்செய், புன்செய் மட்டும் மிராசு அல்ல. தரிசு, ஏரி மீன், மரம், ஊர் நத்தம், சேரி நத்தம் என்ற குடியிருப்பு மனைகள் எல்லாமே அதில் அடக்கம். சேரியில் இருந்த பறையர் படியாள். படி அளந்து கூலி வாங்குகிறவன் படியாள், பண்ணையைச் சேர்ந்தவன் பண்ணையாள். மலபாரில் 1800-ல் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன் அடிமைகள் கைமாறும் மூன்று வழிகளைக் குறித்திருக்கிறார்: ஜன்மம், காணம், பாட்டம். விற்கலாம், ஈடு வைக்கலாம், வாடகைக்கு விடலாம். மூன்றும் நிலத்துக்கு வழங்கும் சொற்கள். ஆளையும் நிலத்தையும் ஒரே கணக்கில் எழுதிய நிர்வாகத்துக்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

1819-ல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டது. அந்தக் காலத்து வெள்ளை அதிகாரிகளுக்குப் பிடித்தமான வாதம் ஒன்று உண்டு: இந்திய அடிமைமுறை மென்மையானது, ஆண்டை சோறு போடுகிறான், கலியாணத்துக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறான். இன்றைக்கும் நம் ஊர்த் திண்ணைகளில் இதைக் கேட்கலாம், "அந்தக் காலத்துல ஒருத்தருக்கொருத்தர் ஆதரவா இருந்தோம்" என்ற பாணியில். மென்மை என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது கிஸ்தி. ஆள் நகர்ந்தால் நடவு நிற்கும், நடவு நின்றால் வரி நிற்கும்.

1843: சட்டம் எதைத் தொடவில்லை

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது, கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் அதிலிருந்து விலக்கி வைத்தது. மற்ற காலனிகளில் 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கியைப் பிரிட்டன் அரசு தீர்த்தது 2015-ல்.

இந்தியாவுக்கு வந்தது 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம். அதில் நான்கே விதிகள். வரி பாக்கிக்காகவோ நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ எந்த அதிகாரியும் அடிமையை விற்கக் கூடாது. ஒருவன் இன்னொருவனுக்குச் சொத்து என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்காது. அடிமை என்ற காரணத்தால் ஒருவன் சம்பாதித்த சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திர ஆளுக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றம்.

அடிமை வைத்திருப்பது குற்றம் என்று ஓரிடத்திலும் இல்லை என்பதைப் பாருங்கள். ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1862-ல் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான். 1843-ல் அரசு சொன்னது இவ்வளவே: உன் அடிமை ஓடிப்போனால் பிடித்துத் தரச் சொல்லி எங்கள் கோர்ட்டுக்கு வராதே. ஆண்டைகளுக்கு இழப்பீடு கிடையாது. அதற்காக அவர்கள் பெரிய கூச்சலும் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதுதான் இந்த ஆய்வில் என்னை அதிக நாள் நிறுத்திவைத்த கேள்வி.

விடை சேரி நத்தத்தில் இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையில் படியாளின் காலில் விலங்கு தேவைப்படவில்லை. அவன் குடிசை போட்டிருந்த மனை மிராசுதாரருக்கு உரியது. இன்று வேலைக்கு வர மாட்டேன் என்றால் நாளைக்குக் கூரையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். போய் எங்கே கட்டுவான்? பக்கத்து ஊரிலும் அதே மிராசு, அதே நத்தம். ஆளோலை செல்லாது என்று சட்டம் சொன்ன பிறகு அந்த இடத்தைக் கடன்சீட்டு பிடித்துக்கொண்டது. மகன் கலியாணத்துக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் வாங்குவான், கடன் தீரும்வரை உழைப்பதாகக் கைநாட்டு வைப்பான், அது தீராது. ஓலை காகிதமானது. அந்த அளவில் மாற்றம் உண்மைதான்.

கடல் தாண்டியவர்களும் உண்டு. மொரிஷியஸில் 1835-ல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏற்றினார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு, ஆள் சேர்க்கும் கங்காணிகள் வழியாகப் போனார்கள். சேரியிலிருந்து தப்ப அது ஒரு வாசல். ஆனால் அங்கேயும் குடியிருந்த லயத்து அறை, அதாவது வரிசை வீட்டு அறை, தோட்டத்துக்குச் சொந்தம். இருநூறு ஆண்டுகளை நெருங்கிய பின்னும், மலையகத்தில் பெரும்பாலான குடும்பங்கள் தாங்கள் வாழும் மண்ணுக்கு உறுதிப் பத்திரம் இல்லாமல் அதே லயங்களில் இருக்கின்றன. 'காணி உரிமை' என்ற முழக்கம் இன்றும் அங்கே முதல் வரிசையில் நிற்பது தற்செயல் அல்ல.

ட்ரெமென்ஹீரின் அறிக்கை

1891. செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியர் ஜே.எச்.ஏ. ட்ரெமென்ஹீர். மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அந்த அக்டோபரில் அவர் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவரைத் தனி மனிதராகத் தூக்கிப் பிடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு திருத்தம் தேவை. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் சபையின் வில்லியம் கூடி போன்ற பாதிரியார்கள் அதற்கு முன்பே ஊர் ஊராக விவரம் திரட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சொன்னவர்கள் சேரி மக்கள். மதம் மாறுவதைவிட, தர்க்காஸ்து மனுவை எழுதிக் கொடுக்கவும் அரசுக் கச்சேரிக்குக் கூட வரவும் ஓர் ஆள் கிடைத்ததுதான் பல சேரிகளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

தர்க்காஸ்து என்றால் அரசுத் தரிசைச் சாகுபடிக்குக் கேட்கும் விண்ணப்பம். காகிதத்தில் யாரும் கேட்கலாம். நடைமுறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சேரிக்காரன் ஒருவன் இரண்டு ஏக்கர் தரிசு கேட்டு மனுப் போடுகிறான். மனு ஊர்க் கணக்கரான கர்ணத்திடமும் ஊர் அதிகாரியான முன்சீபிடமும் வருகிறது, இருவரும் ஊர்த்தெருக்காரர்கள். ஆட்சேபணை உண்டா என்று ஊரில் தண்டோரா. முதல் உரிமை மிராசுதாரருக்கு என்பது விதி. அதுவரை அந்தத் தரிசை எட்டிப் பார்க்காத மிராசுதாரர் அன்றைக்கு எனக்கு வேண்டும் என்கிறார். நிலம் அவருக்குப் போகிறது. அவர் அதில் ஏர் பூட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனுப் போட்டவனுக்கு வேலை போகும். வேலையோடு மனையும் போகும். அடுத்த முறை அந்தச் சேரியிலிருந்து மனு வராது.

மனு போடுவதற்கே தண்டனை உண்டு என்கிற இந்த ஏற்பாட்டைத்தான் ட்ரெமென்ஹீர் பிட்டு வைத்தார். பேரில் அடிமைமுறை போய் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. நிலம், கடன், மனை மூன்றும் ஒரே கையில் இருந்ததால் நடப்பில் அது போகவில்லை. மிராசுதாரரின் முன்னுரிமைக்கு எட்டாதபடி தரிசை ஒதுக்கிக் கொடுங்கள், குடியிருக்கும் மனையை உறுதி செய்யுங்கள், பள்ளி வையுங்கள் என்று கேட்டார். அறிக்கை 1892-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை போனது. அதே ஆண்டு செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த்துறை ஆணை, எண் 1010, 1010-ஏ. பஞ்சமி நிலத்துக்கு வேர் இதுதான்.

நிபந்தனைகள் இன்றும் வாயில் புழங்குகின்றன: பத்து ஆண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் தங்களுக்குள் மட்டுமே கைமாற்றலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஆணை. ஆனால் மனை என்று வந்தபோது அரசு பட்டும் படாமலும் நின்றுவிட்டது. தரிசைக் கொடுத்தது, சேரி நத்தத்தைத் தொடத் தயங்கியது. ஆண்ட்ரூ செங்கல்பட்டு வட்டாரத்தில் மெல்ரோசாபுரம் என்று ஒரு குடியிருப்பை உண்டாக்கியதன் காரணம் இதில் இருக்கிறது. ஆண்டையின் மனையிலிருந்து காலைத் தூக்காமல் எதுவும் நடக்காது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 1920-களில் தொழிலாளர் துறை தஞ்சையிலும் பிற இடங்களிலும் சேரி மனைகளை ஆர்ஜிதம் செய்து கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மண்ணுக்கு விலையை மக்களே தவணையில் கட்ட வேண்டும் என்பது அதில் சேர்ந்த நிபந்தனை.

தஞ்சைக் கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று. இங்கே மனையைத் தொட்ட இடம் மட்டும். 1952-ல் ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார் 1973-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். வெண்மணிக்குப் பிறகு 1971-ல்தான் குடியிருப்பு மனைகளை அதில் வாழும் தொழிலாளருக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. 1843-க்கும் 1971-க்கும் இடையே 128 ஆண்டுகள். ஆளை விட்ட சட்டத்துக்கும் அவன் நின்ற மண்ணை விட்ட சட்டத்துக்கும் நடுவே இருந்த தூரம் அது.

இரண்டெழுத்து மறைந்த விதம்

பெரியவரின் தாத்தாவுக்கு வருவோம். கிடைத்தது தரிசு. கிணறு வெட்ட வேண்டும், மாடு வேண்டும், விதை வேண்டும். கடன் கொடுக்க ஊரில் ஆள் ஒருவர்தான், தாத்தா முன்னர் யாருக்குப் படியாளாக இருந்தாரோ அவரே. கிரயம் எழுத நிபந்தனை இடம் தராது. அதனால் கிரயம் எழுதவில்லை. வாய்ப்பேச்சில் போக்கியம், முடிவே இல்லாத குத்தகை, வெற்றுத் தாளில் கைநாட்டு. "ஆறு மூட்டை நெல்லுக்குப் போச்சி"ன்னு அப்பன் சொல்லுவாரு என்றார் பெரியவர். அதற்கு மேல் அவருக்கு விவரம் தெரியாது. கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழிக்கும்வரை பெரும்பாலும் பரம்பரையாகவே ஓடின. ஏட்டை எழுதியவரும் நிலத்தை அனுபவித்தவரும் ஒரே தெருக்காரர்களாக இருந்த காலம் அவ்வளவு நீளம்.

அப்போதுகூட 'அ' பதிவேட்டில் 'டி.சி.' இருந்தது. நிலம் போனாலும் எழுத்து நின்றது. அதை எடுத்தது பதிவேடு மேம்பாட்டுத் திட்டம், அதாவது யு.டி.ஆர்., 1979 முதல் 1987 வரை. நோக்கம் நல்லது: பழசாகிப்போன நிலக் கணக்கை நடப்புக்குக் கொண்டுவருவது. அனுபவத்தில் யார் இருக்கிறார் என்று விசாரித்து அவர் பேரில் பட்டா. புல எண்கள் மாறின. குறிப்புக் கலத்தை அடுத்த ஏட்டுக்கு எடுத்து எழுதுவது ஓர் எழுத்தரின் கைவேலை. எழுதினால் எழுதியது, விட்டால் விட்டது. சதி என்று எல்லா ஊரிலும் சொல்ல மாட்டேன், அசட்டையும் உண்டு. ஆனால் விட்டுப்போன எழுத்து எல்லாம் ஒரே பக்கத்துக்கு லாபமாக விடுபட்டிருப்பதை நான் பார்த்த ஏடுகளில் காண முடிந்தது. கணினி வந்தபோது யு.டி.ஆரில் இருந்ததுதான் ஏறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் அந்தப் பக்கத்து ஏக்கரைச் சென்ட்டாக்கின. சென்ட்டைச் சதுர அடியாக்கின.

1990-களில் சேரிகள் திரும்பக் கேட்டன. காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். பஞ்சமி என்ற சொல் தமிழ்நாட்டு அரசியலின் பொதுச் சொல்லாக மாறியது அதன் பிறகுதான். 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் மேடையில் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கு எப்படி இருந்தாலும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். இந்திய அளவில் அவர்கள் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருந்த பங்கோ 9 விழுக்காட்டைத் தொடவில்லை.

கடன்சீட்டும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதன் பிறகும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களைக் கோட்டாட்சியர்கள் மீட்டு விடுதலைச் சான்று கொடுத்திருக்கிறார்கள். இப்போது அதற்குப் பெயர் 'அட்வான்ஸ்'. சூளைக்குப் போய்ப் பார்த்தால் வேலை செய்கிறவர்களின் குடிசை சூளைக்காரர் இடத்திலேயே இருக்கும். கணக்கு நோட்டு அவர் மேசையில் இருக்கும்.

பெரியவரின் மனுவை மாவட்ட வருவாய் அலுவலருக்கு எழுதினோம். பழைய புல எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தப் பக்கம் மட்டும் கிழிந்திருந்தது. அது கிழிந்திருப்பதாகவே எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டோம். பதினோரு வாரம் கழித்து ஒரு வரியில் கடிதம் வந்தது: 'மேற்படி பக்கம் சிதிலமடைந்த நிலையில் உள்ளது.' பெரியவர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நான்காக மடித்து, பழைய 'அ' பதிவேட்டு நகலோடு சேர்த்துப் பாலிதீன் பைக்குள் வைத்தார்.

"பக்கம் கெட்டுப்போச்சின்னு அவங்களே ஒத்துக்குறாங்க இல்ல" என்றார். "அப்ப, பக்கம் ஒண்ணு இருந்துதுன்னு ஆச்சில்ல தம்பி."